பெரியப்பா வடக்கிருந்த ஐந்து நாள்

போன மாதம் கண் காட்ட ரயிலில் பெங்களூருக்குப் போனேன். பங்காருபேட்டையில் ஒரு கல்லூரிப் பெண் ஏறி எதிரே உட்கார்ந்தாள். கைபேசியைப் பார்த்துப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டே வந்தாள். என்னம்மா என்று கேட்டேன். "ஹிஸ்டரி அசைன்மென்ட் ஆன்ட்டி. தற்கொலை பண்ணிக்கிட்ட ராஜாங்க. பாருங்க, லிஸ்ட் போய்க்கிட்டே இருக்கு" என்று திருப்பிக் காட்டினாள். வரிசையாகக் கிரீடம் வைத்த தலைகள்.

அந்தப் பட்டியலை நான் ஒன்பது வயதிலேயே போட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு சீட்டுக்கு எழுந்து போயிருப்பாள். உங்களிடம் சொல்லலாம். நீங்களும் என்னைப் போல முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறவர்கள். சுரங்கத்துச் சங்கு ஊதினால் கடிகாரம் பார்க்காமல் மணி சொன்னவர்கள். பூமிக்கடியில் பாறை வெடித்து வீடு குலுங்கினால், விழுந்த பாத்திரத்தை எடுத்து அடுக்கிவிட்டு மறுபடி சாப்பிட உட்கார்ந்தவர்கள். உங்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்குவேன், என் பழக்கம் அப்படி.

அப்போது நாங்கள் ஊரிகத்தில், தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் இருந்தோம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. இந்தக் கோடியில் நாங்கள், மூன்று வீடு தள்ளிப் பெரியப்பா. வீட்டுக்கு ஓர் அறை, பின்னால் மூங்கில் தட்டி வைத்து மறைத்த சின்ன முற்றம். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. அதனால் நான் அங்கே பாதி, இங்கே பாதி. சாப்பாட்டில் எது நன்றாக இருக்கிறதோ அந்த வீடு.

பள்ளியில் சரித்திர டீச்சர் ஒருத்தர் இருந்தார். எதைச் சொன்னாலும் பட்டியல் போடச் சொல்வார். நதிகள், போர்கள், வரிகள். எனக்கு அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. மற்ற பிள்ளைகள் தீப்பெட்டி அட்டை சேர்த்தபோது நான் தாங்களே உயிரை விட்ட ராஜாக்களைச் சேர்த்தேன். அப்பாவின் பழைய டைரி ஒன்றில் நீல மசியால் கோடு போட்டு, ஒரு பக்கம் யார், இன்னொரு பக்கம் ஏன். எகிப்து ராணி: நாடு போய்விட்டது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி: எல்லாரும் விட்டுவிட்டு ஓடினார்கள். சேர ராஜா: போரில் முதுகில் புண்பட்டது, வெட்கம். சோழ ராஜா: பெற்ற பிள்ளைகளே படை எடுத்து வந்தார்கள். மொத்தம் பதினொரு பேர். அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றாள்.

அந்தச் சோழ ராஜாவை எனக்குக் கொடுத்தது பெரியப்பாதான். எங்கள் லைன் ஆட்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு வருடா வருடம் சரித்திர நாடகம் போடுவார்கள். தாங்களே எழுதி, தாங்களே நடிப்பது. அந்தச் சோழ ராஜா நாடகத்தை மட்டும் ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பிள்ளைகளால் மனம் உடைந்த ராஜா, ஆற்றங்கரையில் வடக்குப் பார்த்து உட்கார்ந்து, சோறு தண்ணீர் விட்டு உயிரை விடுவார். அதற்கு வடக்கிருத்தல் என்று பெயர். பக்கத்தில் ஓர் இடம் காலியாக விடச் சொல்வார். என் நண்பன் வருவான், அது அவன் இடம் என்பார். நண்பன் நடந்தே வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அங்கே உட்கார்ந்து தானும் உயிரை விடுவார். பெரியப்பா ராஜா. நண்பராக வருவது மணிக்காரர். அவர் திரைக்குப் பின்னாலிருந்து வர மாட்டார், ஜனங்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வருவார். அந்த இடத்தில் அழாத பெண்பிள்ளை எங்கள் லைனில் கிடையாது.

மணிக்காரர் என்றால் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றின் வாயில் நின்று மணி அடிக்கிறவர். ஆட்களைக் கீழே இறக்குகிற இரும்புக் கூண்டான கேஜில் ஏற்றி, கம்பிக் கதவைச் சாத்தி, மணி கொடுப்பார். அந்த மணி எஞ்சின் வீட்டில் கேட்கும். அங்கே உட்கார்ந்து கேஜை இறக்கி ஏற்றுகிற டிரைவர் பெரியப்பா. அவருக்குக் கேஜ் கண்ணில் படாது. மணிதான் கண். ஒருவர் மணி கொடுப்பதும் ஒருவர் லிவரை இழுப்பதுமாகப் பதினாறு வருடம் ஓட்டினார்கள். பெரியப்பா உட்காரும் இரும்பு நாற்காலியை எல்லாரும் சிம்மாசனம் என்பார்கள். அவரும் கொஞ்சம் ராஜா மாதிரிதான் அதில் உட்காருவார்.

அந்த வருடம் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு நாள் காலை ஷிஃப்டில், மணி வருவதற்கு முன்பே பெரியப்பா லிவரைத் தொட்டுவிட்டார். வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், கை தானாகப் போய்விட்டது என்று பிறகு அவரே சொன்னார். கேஜ் நாலடி இறங்கியது. கதவைச் சாத்திக்கொண்டிருந்த மணிக்காரரின் வலது கால் கேஜுக்கும் ஷாஃப்ட் விளிம்புக்கும் நடுவில் அகப்பட்டது. ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பெரியப்பாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், என்கொயரி என்றார்கள். அது அவரைத் தொட்டதாகவே தெரியவில்லை. அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை, அதுதான் விஷயம். எல்லாரும் போய்வந்தார்கள். அப்பா தினமும் போனார். பெரியப்பா மட்டும் சட்டையைப் போடுவார், வாசல் வரை வருவார், திரும்பிப் போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்.

பிறகு ஒரு நாள், "கொஞ்ச நாளைக்கு எனக்குச் சோறு வேணாம்" என்றார்.

இங்கேதான் நம் பெரியவர்களின் புத்தியைக் கவனியுங்கள். அவர் சொன்னது அந்த ஐந்து வார்த்தைதான். மிச்சத்தை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். பெரியம்மா கண் கலங்கி, "ஆத்தாளுக்கு வெரதம் எடுத்துக்கீறாரு. என்கொயரி நல்லபடியா முடியும்" என்று லைன் முழுக்கச் சொன்னாள். மஞ்சள் கயிறு கொண்டுவந்து அவர் மணிக்கட்டில் கட்டினாள். அவரும் கையை நீட்டிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் எலுமிச்சம்பழமும் பூவும் கொண்டுவந்து வைத்தார்கள். சிலர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். "எங்கண்ணனுக்கு அந்த வைராக்கியம் சின்ன வயசுலேர்ந்து" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். எவ்வளவு நாள் என்று யாரும் கேட்கவில்லை. விரதத்தில் இருப்பவரை அதிகம் பேசவைக்கக்கூடாதாம்.

எனக்கு மட்டும் தெரியும்.

எப்படி என்றால், பெரியப்பா பின்முற்றத்தில் உட்கார்ந்த விதம். எல்லா வீட்டிலும் வெடிமருந்து வந்த மரப்பெட்டிதான் முக்காலி, உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். பெரியப்பா பெட்டியை எப்போதும் தெற்கே, ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் தெரிகிற மாதிரி போட்டுத்தான் உட்காருவார். இப்போது திருப்பிப் போட்டிருந்தார். எதிரே கிழிந்த மூங்கில் தட்டி, வேறொன்றும் கிடையாது. கோபுரத்தைப் பார்க்க மனம் ஒப்பவில்லை, பாவம் என்றாள் பெரியம்மா. நான் பூகோளப் படத்தை மனத்துக்குள் விரித்துப் பார்த்தேன். தட்டி இருப்பது வடக்கே. பக்கத்தில் இன்னொரு பெட்டி காலியாக இருந்தது. நான் அதில் உட்காரப் போனபோது, "அங்க உக்காராத பாப்பா" என்றார்.

"யாருக்கு பெரியப்பா?"

அது சொம்பு வைப்பதற்காகப் போட்ட பெட்டியாகக்கூட இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்கு ஓடி டைரியை எடுத்தேன். பன்னிரண்டு. ஊரிகம் லைன் ராஜா. ஏன்: வெட்கம். எழுதி, மசி காய ஊதினேன். பயம் வரவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. அத்தனை பெரிய மனிதர்களோடு எங்கள் வீட்டு ஆளும் ஒருவர். சாவு என்றால் திரும்ப வராதது என்று எனக்குத் தெரியும். ஆனால் பெரியப்பா ஒவ்வொரு திருவிழாவிலும் செத்து, முகத்தை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டையும் என் மண்டை எங்கேயோ சேர்த்துக் கட்டிவிட்டது.

பிறகு அந்தப் பட்டியலில் இருந்தவர்களைப் பற்றி நிறையப் படித்தேன். சரித்திரம் படித்து, சரித்திரமே சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ராஜாக்களின் கடைசி நாளில் ஆள் இல்லாமல் இல்லை. தோழிகள், எழுத்தர்கள், காவல்காரர்கள் என்று சுற்றி நின்றார்கள். எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். எங்கள் பின்முற்றத்தில் நடந்ததும் அதுதான்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம். பெரியப்பா பிழைத்தார். அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் இருந்தார். என்கொயரியில் டிரைவர் வேலை போய், விளக்கு அறையில் போட்டார்கள். ஷிஃப்டுக்கு இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒவ்வொருவன் கையிலும் விளக்கைக் கொடுத்து, "பாத்துப் போ" என்பார். என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தார். நாடகத்தில் மட்டும் நடிக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பார்த்தால் பெரியப்பாவின் உதடு வெடித்திருந்தது, முதுகு பின்சுவரில் சாய்ந்திருந்தது. எனக்கு ஒரே கவலை, காலிப் பெட்டி காலியாகவே இருக்கிறது. நாடகத்தில் ராஜா சாவதற்குள் நண்பர் வந்துவிடுவார். இங்கே அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லாமல் எப்படி வருவார்? அப்பா ஞாயிறு ஷிஃப்டுக்குப் போயிருந்தார். நான் தலை சீவிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ஒரு மைலுக்கு மேல் இருக்கும். சாலையோரம் யூகலிப்டஸ் இலை வெயிலில் காய்ந்து மணந்தது.

மணிக்காரர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டது. அதைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா பாப்பா, தனியா வந்துக்கீற? உங்க பெரியப்பன் எங்க? பதினெட்டு நாளாச்சு, எட்டிக்கூட பாக்கல. கேட்டா உங்கப்பன் மழுப்பறான்."

"பெரியப்பா வடக்கிருக்கார் மாமா."

"இன்னாது?"

"சோறு துன்றதில்ல. வடக்கப் பாத்து உக்காந்துனு கீறாரு. அஞ்சு நாளாச்சு. பக்கத்துல உங்களுக்கு எடம் வுட்டு வெச்சிக்கீறாரு. நீங்க வரணும் இல்ல? சீக்கிரம் வந்துடுங்க, அவரு சாயறதுக்குள்ள."

ஒரு மனிதரை, சேர்ந்து சாக வரும்படி கல்யாண வீட்டுக்கு அழைப்பது போல அழைத்தேன். இந்த வயதில் அதை நினைத்தால் நடுராத்திரியில்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

மணிக்காரர், "வீட்ல இன்னா சொல்றாங்கோ?" என்று கேட்டார்.

"வெரதம்னு பூ வெக்கறாங்கோ."

"தண்ணி குடிக்கிறானா?"

"நேத்து வரைக்கும் குடிச்சாரு. இன்னிக்கு வேணாம்னுட்டாரு."

போர்வையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "நீ சரியான ஆளுகிட்டதான் வந்து சொல்லிக்கீற. கேட்டாண்ட கிழங்கு வண்டிக்காரன் நிப்பான். நான் கூப்டேன்னு கூட்டினு வா" என்றார். நர்ஸம்மாவிடம் அவர் என்ன பொய் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. நான் வண்டிக்காரரோடு திரும்பும்போது இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்த அம்மாவே ஒரு தலையணையைக் கொடுத்து, "நாலு மணிக்கு ஊசி. நாலுன்னா நாலு" என்றார்.

கிழங்குகளை ஒதுக்கிவிட்டுத் தள்ளுவண்டியில் மணிக்காரரை உட்காரவைத்து வண்டிக்காரர் தள்ளினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மணிக்காரர் பல்லைக் கடித்தார். லைனுக்குள் நுழைந்ததும் சனம் கூடிவிட்டது. சிநேகிதருக்காக விரதம் இருந்ததற்கு அம்மன் உடனே பலன் கொடுத்துவிட்டாள் என்று ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேர் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்முற்றத்தில் அந்தக் காலிப் பெட்டியில் அவரை உட்காரவைத்தார்கள்.

பெரியப்பா திரும்பவே இல்லை. கண் தட்டியிலேயே இருந்தது.

பெரியம்மா கற்பூரத் தட்டோடு வந்தாள். மணிக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணி, இது வெரதம் இல்ல. இவன் சாவறதுக்கு உக்காந்துனு கீறான்."

அந்த வார்த்தையை ஐந்து நாளில் முதல் முறையாக ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். பெரியம்மா தட்டைக் கீழே வைத்தாள். கணவர் முகத்துக்கு நேரே போய் உட்கார்ந்தாள்.

"அப்டியா? சொல்லு. அப்டியா?"

பெரியப்பா இல்லை என்று சொல்லவில்லை. அவள் அவர் கையைப் பிடித்து, தான் கட்டிய மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். அறுத்துவிட்டு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் பூ வெச்சேனே, நான் பூ வெச்சேனே" என்று அதையே சொன்னாள். பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் அப்போதுதான் பயந்தேன். அதற்குப் பிறகு நடந்த எதிலும் எனக்கு நாடகம் தெரியவில்லை.

மணிக்காரர் குரலை ஏற்றாமல் பேசினார். "எடம் வுட்டு வெச்சியாமே. வந்துட்டேன். இனிமே நானும் எழுந்திரிக்கப் போறதில்ல. நாலு மணிக்கு ஊசி. போடலன்னா சீழ் வெச்சி மேல ஏறும்னு சொல்லிக்கீறாங்கோ. ஏறட்டும்."

பெரியப்பா தட்டியைப் பார்த்தபடியே, வந்த குரல் பாதிக் காற்றாக, "இவன எடுத்துனு போங்க" என்றார்.

இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். மணிக்காரர் பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எவன் தொட்டாலும் வரமாட்டேன். நீதான் தள்ளணும். வண்டி வாசல்ல நிக்கிது."

"உன் மூஞ்சில முழிக்கவே எனக்கு யோக்கியத இல்ல."

"முழிக்க வேணாம். வண்டிக்குப் பின்னாடிதான நிப்ப? முதுகப் பாத்துனு தள்ளு."

"என்னால நிக்கவே முடியல."

"அப்ப துன்னு."

வெளியே எங்கேயோ பதினொரு மணிச் சங்கு ஊதியது. மணிக்காரர் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. காலில் கட்டியிருந்த துணியில் லேசாகச் சிவப்புக் கசிந்தது. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை, பெரியப்பாதான் பார்த்தார். அதுவரை தட்டியை விட்டு நகராத கண் அங்கே போனது. பிறகு பெரியம்மாவைப் பார்த்தார்.

"கஞ்சி இருந்தா குடு" என்றார்.

கேழ்வரகுக் கஞ்சியை நீர்க்கக் கரைத்து, உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். ஒரேயடியாகக் கொடுக்கக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். அரை டம்ளர், ஆறவைத்து இன்னொரு அரை டம்ளர். முதல் வாய் உள்ளே போகாமல் வெளியே வந்தது. இரண்டாவது நின்றது. மணிக்காரர் ஒவ்வொரு மடக்கையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள், குடித்தார். ஒரு மணி ஷிஃப்ட் சங்கும் ஊதியது, இரண்டு மணியும் ஆயிற்று. பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வாசலில் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா விஷயம் தெரிந்து ஓடிவந்து கைப்பிடியில் கை வைத்தார். "கைய எட்றா" என்றார் மணிக்காரர். அப்பா எடுத்துவிட்டுப் பின்னாலேயே நடந்தார். பெரியம்மா ஒரு பக்கம், கஞ்சிச் சொம்போடு நான் ஒரு பக்கம். வாசலுக்கு வாசல் ஜனம் நின்று பார்த்தது. யாரும் கும்பிடவில்லை.

பத்தடிக்கு ஒரு தரம் நின்றோம். சொம்பை நீட்டுவேன், ஒரு மடக்குக் குடிப்பார், மறுபடி தள்ளுவார். ரயில்வே கேட் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு மேடு. அங்கே வண்டி பின்னால் சரிந்தது. பெரியப்பா நெஞ்சை வைத்து அதைத் தாங்கி நிறுத்தினார். அவர் முகமும் மணிக்காரரின் தோளும் ஒட்டிக்கொண்டு நின்றன. பெரியப்பா அழுதார். ஐந்து நாள் காய்ந்த உடம்பில் அந்தத் தண்ணீர் எங்கே இருந்ததோ தெரியவில்லை.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

மணிக்காரர் திரும்பிப் பார்க்காமல், "வலிக்குதுடா" என்றார். "நிக்காத. தள்ளு."